செப்டிக் டேங்குக்கு நான் நாள் பார்த்த கதை

என் மனைவியிடம் நான் ஒரு பொய் சொன்னேன். கல்யாணமான ஆண்கள் எல்லாரும் சொல்வதுதானே என்று நீங்கள் பெருந்தன்மையாகத் தள்ளிவிடக் கூடாது. அந்தப் பொய்யை நம்பி, முழங்கால் வலிக்காரியான அவள், செருப்பில்லாமல் ஒரு குன்று ஏறினாள். நான் கீழே புளியமரத்து நிழலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். இதைவிடக் கேவலமாக என்னைப் பற்றி என்னாலேயே எழுத முடியாது என்பதால், மிச்சத்தை எழுதுவது எனக்குச் சுலபம்.

பொய் எதற்காக? ஒரு செப்டிக் டேங்குக்காக. சரியாகச் சொன்னால், செப்டிக் டேங்க் வராமல் இருப்பதற்காக.

கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை கொல்லைப்பக்கம் பார்த்தால் தெரிகிற ஊர் எங்களுடையது. கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்ற பிறகு என் சொல் கேட்டு அசையாமல் நிற்பது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: கொல்லையில் நான் நட்டு வைத்திருந்த மழைமானி. தினமும் காலையில் பல் விளக்கியதும் அதைப் போய் எட்டிப் பார்ப்பேன். மழையே பெய்யாத சித்திரையிலும் பார்ப்பேன். ("நேத்து பெய்யாத மழைய இன்னிக்கு அளந்துட்டீங்களா?" என்பாள் என் மனைவி தனம்.)

மழைமானிக்கு மரமோ கூரையோ மறைக்காத திறந்த இடம் வேண்டும். எங்கள் கொல்லையில் அப்படி ஓர் இடம்தான் உண்டு. செப்டிக் டேங்குக்கும், பாருங்கள், கிணற்றிலிருந்து தள்ளி, வண்டி வந்து உறிஞ்சிக்கொண்டு போக வசதியாக அதே இடம்தான் வேண்டியிருந்தது. எங்கள் பழைய கக்கூஸ் மாட்டுக்கொட்டகைக்கும் அப்பால் இருந்தது. மழைக்காலத்தில் அங்கே போய்வருவதென்றால் பாதி தூரம் நடப்போம், மீதி தூரம் வழுக்குவோம்.

ஒரு பங்குனி மாதத்தில் எங்கள் ஒரே மகள் கவிதா சென்னையிலிருந்து போன் செய்து, தான் உண்டாகியிருப்பதாகச் சொன்னாள். போனை வைத்த அடுத்த நிமிடம் தனம் சொன்னாள்.

"ஏங்க, ஐப்பசி கார்த்திகைல பிரசவம். அது இங்கதான் வரணும். இப்பவே வூட்டுக்குள்ளாற ஒரு பாத்ரூம் கட்டி, கொல்லையில செப்டிக் டேங்க் போட்டுடலாம். கெணத்துல தண்ணி அடியில கெடக்குது, மண்ணு காஞ்சி கெடக்குது, கொத்தனாரு ஏழுமலையும் சும்மாதான் சுத்திக்கினு இருக்காரு."

அவள் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடத் தவறில்லை. பூகோளம் படித்த நானே அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் கண் முன்னால் மழைமானிதான் நின்றது.

"மண்ணு கெட்டியா இருக்குது தனம். கடப்பாரை எறங்காது. கூலி ஜாஸ்தி ஆயிடும். ஒரு மழை பெய்யட்டும், மண்ணு பதமாயிடும்."

"பதமாவுறதுக்கு அது இன்னா இட்லி மாவா?"

வாதத்தில் தோற்பேன் என்று தெரிந்துவிட்டது. அந்த வாரம் ஒரு நண்பரை ரயிலேற்றிவிடச் சின்னசேலம் போயிருந்தேன். அவரை அனுப்பிவிட்டு ஸ்டேஷன் வாசலில் ஒரு டீ குடித்தேன். அங்கே நடந்தது அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து இப்படிச் சொன்னேன்:

"சின்னசேலத்துல ஒரு சோசியரைப் பார்த்தேன். மாசமா இருக்குற பொண்ணு வந்து தங்குற வூட்டுல மண்ணுல கடப்பாரை போடக்கூடாதாம். கொழந்த பொறக்குற வரைக்கும் ஒரு புடி மண்ணைக்கூடத் தோண்டாதீங்கன்னு சொல்றாரு."

இப்படி ஒரு வழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் கட்டட வேலை தொடங்க மாட்டார்கள். அதை மூடநம்பிக்கை என்று வகுப்பில் வருஷா வருஷம் கிண்டல் செய்தவன் நான்.

தனம் என்னையே பார்த்தாள். "நீங்க சோசியருகிட்ட போனீங்களா? நீங்களா?"

"பொண்ணு விஷயமாச்சே, தனம்."

அவள் கண் கலங்கிவிட்டது. "முருகா! இந்த மனுஷனுக்கும் ஒரு வழியா புத்தி வந்துடுச்சு" என்று சுவரிலிருந்த காலண்டர் முருகனைப் பார்த்துக் கும்பிட்டாள். என் சொந்தச் சொல்லாக நான் எது சொன்னாலும் மூன்று தரம் குறுக்கு விசாரணை செய்கிறவள், இதை ஒரு கேள்வியில்லாமல் ஏற்றுக்கொண்டாள். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு மழைமானியைத் துடைக்கப் போனேன்.

சித்திரை போனது, வைகாசி போனது, ஆனி போனது. ஆடியில் எங்கள் ஊரில் எவனும் புதிதாக எதையும் தொடங்க மாட்டான் என்பதால் அந்த மாதம் நான் பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆவணியில் கவிதா போன் செய்தாள்.

"அம்மா, ஐப்பசி மழைல அந்தச் சேத்துல நான் எப்டிம்மா நடப்பேன்? வயித்தத் தூக்கிக்கினு அந்தக் கக்கூஸ்ல எப்டி ஒக்காருவேன்? அத்தை இங்கயே இருந்துடுன்னு சொல்றாங்க."

"சரிம்மா. உனக்கு எது சவுகரியமோ அப்டி செய்யி" என்றாள் தனம். குரல் மாறவே இல்லை. போனை வைத்துவிட்டு, பிறக்கப் போகிற குழந்தைக்காகத் துவைத்துத் துவைத்துப் பஞ்சாக்கி வைத்திருந்த பழைய நூல் புடவைகளை ஒவ்வொன்றாக மடித்தாள். டிரங்குப் பெட்டியில் வைத்து மூடினாள்.

அந்த மூடி சாத்திய சத்தம்தான் என்னை உலுக்கியது. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்குத் தைரியம் வேண்டும். என்னிடம் இருந்தது கற்பனை வளம் மட்டுமே. மறுநாளே சின்னசேலம் சோசியரை மறுபடி வேலைக்கு அழைத்தேன்.

"தனம், சோசியருகிட்ட போன்ல கேட்டேன். பரிகாரம் பண்ணிட்டுத் தோண்டலாமாம்."

"இன்னா பரிகாரம்?"

அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. காலண்டர் கண்ணில் பட்டது. "முருகனுக்கு ஒரு அர்ச்சனை."

"எந்த முருகனுக்கு? மலை மேல இருக்குறவருக்கா, கீழ இருக்குறவருக்கா?"

"மேல இருக்குறவருக்கு." (கீழே என்று சொல்லித் தொலைத்திருந்தால் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே முடிந்திருக்கும்.)

"செருப்போடயா, இல்லாமயா?"

"அதெல்லாம் அவரு சொல்லல."

"சொல்லலன்னா செருப்பு இல்லாமதான் இருக்கும். யாரு ஏறணும்? தாயா, தகப்பனா?"

இந்த இடத்தில்தான் நான் மனிதனாக இருந்திருக்கலாம். "தாய்தான்னு நெனைக்கிறேன்" என்றேன்.

மலைப்பாதை ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு குன்று. மேலே சின்ன முருகன் கோயில். புரட்டாசி வெயிலில் கருங்கல் படிகள் தோசைக்கல் மாதிரி இருந்தன. தனம் ஒவ்வொரு படிக்கும் முழங்காலை இரண்டு கையாலும் தூக்கி வைத்து ஏறினாள். இறங்கி வரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. முழங்கால் பன் மாதிரி வீங்கியிருந்தது. என் நெற்றியில் விபூதி பூசிவிட்டு, "உங்க பேருக்கும் ஒரு அர்ச்சனை பண்ணேன்" என்றாள். அந்த விபூதி என்னைச் சுட்டது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை.

இனி தாமதிக்க முடியாது. நெல் மூட்டை அடுக்கும் அறை பாத்ரூம் ஆனது. டேங்குக்குக் குழி தோண்டத் தொடங்கியபோது ஐப்பசி பிறந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் வரும் என்று பல தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டியவன், அந்த ஐப்பசியில் போய்க் குழி தோண்டினேன். இரண்டு நாள் வெயில் அடித்தது. நான் வானத்தைப் பார்த்தேன், மழைமானியைப் பார்த்தேன், ஏழுமலையிடம் அறிவித்தேன்: "இன்னும் ஒரு வாரத்துக்கு மழை இல்ல."

"சார் சொன்னா சரிதான்" என்றார் ஏழுமலை. அவர் செங்கல் தொட்டி கட்டிப் பழகியவர். பிளாஸ்டிக் டேங்கை அவர் அதுவரை கடை வாசலில் மட்டுமே பார்த்திருந்தார். ஆனால் அதை ஒப்புக்கொள்ளும் ஜாதி இல்லை அவர், என்னைப் போலவே. செங்கல் கட்டிக் காய வைக்க நேரமில்லை என்பதால் கள்ளக்குறிச்சியில் ஒரு கடையில் கறுப்பு பிளாஸ்டிக் டேங்க் ஒன்று வாங்கி வந்தோம். மினி லாரியில் கட்டும்போது கடைக்காரர் கத்தினார்: "சார், பொதைக்கும்போதே உள்ள தண்ணிய ரொப்பிட்டு அப்புறம் மண்ணு தள்ளுங்க!"

வீட்டில் அதைப் பற்றி நானும் ஏழுமலையும் ஆலோசித்தோம்.

"புது டேங்குல எதுக்கு சார் தண்ணி? நாளைக்கு நம்பளேதான ரொப்பப் போறோம்?"

அதில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்குப் பட்டது. காலி டேங்கை இறக்கினோம், குழாயை மாட்டினோம், மண்ணைத் தள்ளி மிதித்தோம். சமமான அந்தத் திறந்த இடத்தின் நட்டநடுவில் என் மழைமானியை மறுபடி நட்டேன். டேங்கும் வந்தது, மழைமானியும் போகவில்லை. அன்று சாயங்காலம் என்னைவிட சந்தோஷமான ஆள் மாவட்டத்திலேயே இருந்திருக்க மாட்டான்.

சென்னையில் வளைகாப்பு முடித்து, கவிதாவைக் கொண்டுவந்து விடச் சம்பந்தி வீட்டார் வருவதற்கு முந்தின நாள் மழை பிடித்தது. விடிய விடியப் பெய்தது. மலையிலிருந்து வந்த தண்ணீரும் சேர்ந்து, எட்டிப் பார்த்துத் தேட வேண்டியிருந்த கிணற்றுத் தண்ணீர் கை நீட்டினால் தொடும் உயரத்துக்கு வந்துவிட்டது. மழை விட்ட நேரத்தில் வேன் வந்து நின்றது. கவிதா கை நிறைய வளையலோடு இறங்கினாள். பின்னால் மாப்பிள்ளையின் அப்பா. வேன் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. அவ்வளவு பெரிய உடம்பு. அப்புறம் அவர் மனைவி, சம்பந்தியம்மா.

சம்பந்தியம்மா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "மொதல்ல அந்த பாத்ரூம காட்டுங்க. அது சரியா இருந்தாதான் பொண்ண வுட்டுட்டுப் போவேன். இல்லன்னா இதே வேன்ல ஏத்திக்கினு போயிடுவேன்" என்றார். தனம் என்னைப் பார்த்தாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடந்தேன்.

சம்பந்தியம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நாங்கள் வெளியே பரீட்சை முடிவுக்கு நிற்பதுபோல் நின்றோம். முதலில் ஒரு கொடகொட சத்தம். பிறகு ஒரு நீண்ட உறுமல். பிறகு கொல்லைப்பக்கம் டமார் என்று குழாய் உடைகிற சத்தம். கதவு படாரென்று திறந்தது.

"சம்பந்தி, அது என்னப் பார்த்து உறுமுதுங்க!"

எல்லாரும் கொல்லைக்கு ஓடினோம். மண் பிளந்துகொண்டிருந்தது. குட்டையில் முங்கிக் கிடந்த எருமை எழுந்திருப்பது போல, கறுப்பாக, பளபளவென்று, அவசரமே இல்லாமல் டேங்க் மேலே வந்துகொண்டிருந்தது. அதன் உச்சந்தலையில் கிரீடம் மாதிரி என் மழைமானி.

அப்போது நான் செய்ததை நியாயப்படுத்த மாட்டேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய் டேங்கின் மேல் ஏறி உட்கார்ந்தேன். என் எடைக்கு அது மசியவில்லை. சத்தம் கேட்டு வந்த ஏழுமலையும் ஏறினார். டேங்க் ஓர் ஆட்டம் ஆடியது, ஆனால் இறங்கவில்லை.

"சம்பந்தி, நீங்களும் ஒரு கை குடுங்க!"

"கையா கேக்குறீங்க?" என்றபடி அந்த நல்ல மனிதர் தன் முழு உடம்பையும் கொடுத்தார். டேங்க் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உடைந்த குழாய் இருந்த ஓட்டை சேற்றுத் தண்ணீருக்குள் போனது. அது கபகபவென்று தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்தது. நாங்கள் மூன்று பேரும் சறுக்கிக் குழியில் விழ, டேங்க் எங்கள் பக்கத்திலேயே கோணலாக, நிதானமாக உட்கார்ந்துகொண்டது. மழைமானியைக் காணவில்லை. இன்று வரை காணவில்லை.

"எறங்குறதுக்கு இவ்ளோதானா சார்? தண்ணி உள்ள போனா போதுமா?" என்றார் ஏழுமலை, தலையிலிருந்து சேற்றை வழித்தபடி. "கடைக்காரன் இன்னாமோ சொன்னான் இல்ல?"

யாராவது சிரித்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். தனம் சிரிக்கவில்லை. அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"பூமியே வெளிய தள்ளுதுங்க" என்றாள். "மாசமா இருக்குற பொண்ணு வர்ற வூட்டுல மண்ணத் தொடக்கூடாதுன்னு சோசியரு அப்பவே சொன்னாரு. பரிகாரம் பத்தல. நான்தான் நடுவுல ரெண்டு தரம் ஒக்காந்துட்டேன். ஏறும்போது ஒக்காந்திருக்கக் கூடாது." பிறகு கவிதாவின் கையைப் பிடித்துச் சம்பந்தியம்மாவின் கையில் வைத்தாள். "கூட்டிக்கினு போயிடுங்கம்மா. இங்க இருக்க வேணாம். எங்க இருந்தாலும் நல்லா இருந்தா போதும்."

பங்குனியிலிருந்து அவள் கேட்டது இந்த ஒன்றைத்தான்: மகள் வீட்டுக்கு வர வேண்டும். அந்த மகளை வாசல்படி தாண்டி வந்த கொஞ்ச நேரத்திலேயே தன் கையால் திருப்பி அனுப்புகிறாள். எல்லாம் ஸ்டேஷன் வாசலில் நான் குடித்த ஒரு டீயால்.

குழிக்குள், இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, "தனம், சோசியரே கெடையாது" என்றேன்.

"செத்துட்டாரா?"

"பொறக்கவே இல்ல. நான் சும்மா சொன்னேன். அந்த மழைமானிய எடுக்க மனசு வரல, அதுக்காகச் சொன்னேன். பரிகாரமும் நானேதான் சொன்னேன். டேங்க் மேல வந்ததுக்குக் காரணம் உள்ள தண்ணி ரொப்பாதது. பூமி ஒண்ணும் கோவிச்சுக்கல."

கொட்டகையில் மாடுகூட அசை போடுவதை நிறுத்திவிட்டதாக எனக்குத் தோன்றியது.

தனம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்போ நான் ஏறுன மலை?"

நான் சேற்றுத் தண்ணீருக்குள் மழைமானியைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

முதலில் வாயைத் திறந்தவர் நான் மிகவும் பயந்த சம்பந்தியம்மாதான். குழியிலிருந்து ஏற முடியாமல் தத்தளித்துக்கொண்டிருந்த தன் கணவரைக் காட்டி, "இந்த மாதிரி சோசியரு எங்க வூட்லயும் ஒருத்தரு இருக்காரும்மா. வுடுங்க" என்றார். "நான் இன்னா பொய் சொன்னேன்?" என்று குழியிலிருந்து குரல் வந்தது. கவிதாவுக்கு அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வளையல் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

"நான் எங்கயும் போவல. கொட்டகை தாண்டித்தான போவணும்? அப்பா கொடை புடிக்கட்டும். எப்ப கூப்டாலும் எழுந்து வரணும்."

சம்பந்தியம்மா யோசித்தார். "வழுக்காம பாதை போட்டுத் தருவாரா?"

"நாளைக்கே" என்றேன்.

மறுநாளே கருங்கல் பலகை போட்டேன். இரு பக்கமும் பிடித்துக்கொள்ள மூங்கில் கட்டினேன். பழைய கக்கூஸில் உட்காருவதற்கு நாற்காலி மாதிரி ஒன்று வாங்கி வைத்தேன். அந்த மழைக்காலம் முழுக்க, கவிதா "அப்பா" என்றால் நான் குடையோடு நிற்பேன். முன்னாள் பூகோள ஆசிரியரின் மழை அளவீடு எல்லாம் அந்தக் குடை விளிம்பிலிருந்து என் முதுகில் சொட்டியதுதான். கார்த்திகையில் பேத்தி பிறந்தாள். டிரங்குப் பெட்டி திறந்தது. பழைய நூல் புடவைகள் கொடியில் ஏறின.

தனம் எனக்குச் சாப்பாடு போட்டாள், பேசத்தான் இல்லை. எதுவானாலும் கவிதா வழியாகத்தான். "சோசியருக்கு ரசம் வேணுமான்னு கேளு." "சோசியரு வேட்டி காஞ்சிடுச்சின்னு சொல்லு."

மாசியில் ஒரு நாள் நானாகவே சொன்னேன்: "தனம், நான் மலை ஏறப் போறேன். செருப்பில்லாம." கோயிலில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டதென்று நினைக்க வேண்டாம். அவள் ஏறிய படிகளை என் காலும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான். அவளும் கூட வந்தாள். அடிவாரத்தில், அதே புளியமரத்தடியில் உட்கார்ந்து, பையிலிருந்து அன்றைய பேப்பரை எடுத்து விரித்தாள். (அவள் பேப்பர் படிக்கிறவளே இல்லை.)

நானும் நடுவில் உட்கார்ந்தேன். எத்தனை தரம் என்று கேட்காதீர்கள். இறங்கி வந்தபோது பேப்பரைத் தாழ்த்தாமலே கேட்டாள்.

"காலு எப்டி இருக்குது?"

"எரியுது."

"எரியட்டும்" என்றாள். பிறகு கொஞ்சம் நகர்ந்து, நிழலில் எனக்கு இடம் விட்டாள்.

பங்குனி பிறந்ததும் கோணல் டேங்கை வெளியே எடுத்தோம். கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்தது. மண் கெட்டிதான், கடப்பாரை பட்டால் கணீரென்றது. ஏழுமலை திட்டிக்கொண்டே தோண்டினார், ஆனால் குழியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. டேங்கை நேராக இறக்கி, மண் தள்ளத் தள்ள உள்ளே தண்ணீரும் ஊற்றினோம். முதல் குடத்தைத் தனம்தான் ஊற்றினாள். அதற்குப் பின் நாலு ஐப்பசி வந்து போய்விட்டது. டேங்க் தலை தூக்கவில்லை. ஊரில் யாராவது எந்த மாதம் டேங்க் போடலாம் என்று கேட்டால், முதலில் கிணற்றை எட்டிப் பாருங்கள் என்கிறேன். அதற்கு அடுத்த ஆலோசனை, வீட்டுக்காரியைக் கேளுங்கள் என்பது.

ஆனால் சோசியர் மட்டும் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. கத்திரிக்காயா வெண்டைக்காயா என்பதில் நான் அபிப்பிராயம் சொன்னால்கூட, "இது நீங்க சொல்றதா, சின்னசேலத்துக்காரரு சொல்றதா?" என்கிறாள் தனம். பேத்திக்கு இப்போது பேச்சு நன்றாக வந்துவிட்டது. அவள் அந்தச் சோசியரை ஒரு தூரத்துத் தாத்தா என்றே நம்பிக்கொண்டிருக்கிறாள். போன லீவில் அவளும் கவிதாவும் சென்னை ரயிலில் வந்து சின்னசேலத்தில் இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. நாங்கள் அழைத்து வரப் போயிருந்தோம். இறங்கியதும் பேத்தி சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"ஆயா, அந்த சோசியரு வூடு எங்க இருக்குது?"

"அவரு அப்பவே காலி பண்ணிட்டாரும்மா" என்றாள் தனம். "இப்போ நம்ப வூட்டுல கொடை புடிக்கிற வேலை பார்த்துக்கினு இருக்காரு."

சொல்லிவிட்டு, கையிலிருந்த குடையை என்னிடம் நீட்டினாள். நான் விரித்தேன்.